பன்னாட்டுத் தொண்டு நிறுவனத்தை மூடும்போது முதலில் எதைக் கொடுப்பது?

கேள்வி இது: பல நாடுகளில் வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தை மூன்று ஆண்டுகளில் மூடிவிட்டு, கையில் இருக்கும் குடிநீர், சுகாதார, பெண்கள் குழுப் பணிகளை அந்தந்த ஊர் மக்களிடமே ஒப்படைப்பது என்று போர்டு தீர்மானம் போட்டுவிட்டது. எதிலிருந்து தொடங்குவது? எங்கே சறுக்கும்?

இந்தத் துறையில் நெடுநாள் இருந்துவிட்டேன். மூடுகிறவர்கள் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன், வாங்கிக்கொள்கிறவர்கள் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடிவெடுக்கும் உரிமையை முதல் ஆண்டிலேயே கொடுத்துவிடுங்கள். அடுத்தது பணம். கட்டடம், வண்டி, கம்ப்யூட்டர் எல்லாம் கடைசி. பெரும்பாலான நிறுவனங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. முதலில் வண்டிச் சாவியைக் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். கடைசி ஆறு மாதத்தில் கொஞ்சம் பணம் போகும். எந்த வேலை தொடரும், எது நிற்கும், யாருக்கு எவ்வளவு என்ற முடிவுகள் மட்டும் கடைசி நாள் வரை தலைமையகத்திலேயே இருக்கும். நிறுவனம் கலைந்த மறுநாள் ஊரில் வண்டி நிற்கும், அதை எங்கே ஓட்டுவது என்று முடிவு செய்து பழகிய ஆள் இருக்க மாட்டார்.

விவரத்துக்குப் போவதற்கு முன் கொஞ்சம் சங்கடமான ஒரு கேள்வி. ஏன் மூடுகிறீர்கள்?

சில வேலைகள் உண்மையிலேயே தீர்ந்துபோகும். மொசாம்பிக்கில் ஹாலோ டிரஸ்ட் என்ற தொண்டு நிறுவனம் 1993-இல் கண்ணிவெடி அகற்றத் தொடங்கியது. 2015 செப்டம்பரில் அது கண்ணிவெடி இல்லாத நாடு என்று அறிவிக்கப்பட்டது. அதோடு அங்கே அவர்களின் பெரிய வேலை முடிந்தது. உங்கள் கையில் இருப்பது அந்த மாதிரி வேலை கிடையாது. குடிநீரும் சுகாதாரமும் தினமும் செய்தாக வேண்டியவை.

இன்னொரு காரணம் பணம் நின்றுபோவது. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை 90 நாள் நிறுத்திவைத்தது. மார்ச்சில் அந்த உதவியைக் கையாளும் அரசு அமைப்பான யூஎஸ்எய்டின் திட்டங்களில் 83 சதவீதம் ரத்து என்று அறிவித்தார்கள். ஜூலை 1-இல் அந்த அமைப்பே இயங்குவதை நிறுத்திக்கொண்டது. அதற்கும் முன்னால் 2020 மே மாதம் ஆக்ஸ்ஃபாம் என்ற பன்னாட்டுத் தொண்டு நிறுவனம் இலங்கை, ஆப்கானிஸ்தான், ஹைட்டி உட்பட 18 நாடுகளிலிருந்து வெளியேறப்போவதாகச் சொன்னது. பெருந்தொற்றால் அடிவாங்கிய நிதிநிலைமை அந்த முடிவை வேகப்படுத்தியிருந்தது. பணம் தீர்ந்து கிளம்புவதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் பணம் இல்லாததால் போகிறோம் என்பதை 'மக்கள் கையில் அதிகாரத்தைக் கொடுக்கிறோம்' என்று மாற்றிச் சொன்னால், வாங்கிக்கொள்கிறவர்கள் தப்புக்கணக்குப் போடுவார்கள். பின்னால் பணம் வரும் என்று நினைத்துப் பொறுப்பை ஏற்பார்கள். ஊரில் பேசும் முதல் கூட்டத்திலேயே உண்மையான காரணத்தையும், கையில் எவ்வளவு பணம் மிச்சம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுங்கள். டோனருக்கு, அதாவது பணம் கொடுப்பவருக்கு, போகும் செய்திமடலில் அது வருவதற்கு முன்னால் ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, இப்போது ஒப்படைப்புக்கு வருவோம். 'ஊர் மக்களிடம்' என்று தீர்மானத்தில் எழுதியாகிவிட்டது. ரசீதில் கையெழுத்துப் போட ஓர் ஆள் வேண்டுமே, அவர் யார்?

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, அந்த நாட்டில் இருக்கும் உங்கள் அலுவலகத்தையே உள்ளூர் அமைப்பாகப் பதிவு செய்துவிடுவது. தலைமையகத்துக்கு இதைவிட வசதி வேறில்லை. அதே ஆட்கள், அதே ஃபைல்கள், பெயர்ப்பலகையை மட்டும் மாற்றினால் போதும். எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. அந்த அமைப்பு பிறக்கும்போதே உங்கள் செலவுப் பழக்கங்களையும் தலையில் தூக்கிக்கொண்டு பிறக்கிறது: நகரத்தில் வாடகை அலுவலகம், நான்கு சக்கர வண்டிகள், ரிப்போர்ட் எழுதுவதற்கென்றே வைத்திருக்கும் ஆட்கள். வருமானம் நின்றுவிடும், செலவு நிற்காது. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நேற்று வரை உங்கள் கூட்டாளிகளாக இருந்த சின்ன அமைப்புகளுக்கு இந்தப் புது அமைப்பு இன்றிலிருந்து போட்டியாளர். அவர்களுக்குக் கிடைக்க வேண்டிய நிதிக்கு, உங்கள் செல்வாக்கோடு வரிசையில் முன்னால் போய் நிற்கும்.

குழந்தைகளுக்காக வேலை செய்த பிரிட்டனின் எவ்ரிசைல்ட் நிறுவனம் வேறு மாதிரி யோசித்தது. தன் வேலைகளை அந்தந்த நாட்டு அமைப்புகளிடம் விட்டது. பல நாடுகளின் உள்ளூர் அமைப்புகள் தாங்களே உறுப்பினராக இருந்து நடத்தும் 'ஃபேமிலி ஃபார் எவ்ரி சைல்ட்' என்ற கூட்டமைப்பு உருவாகத் துணைநின்றது. அப்புறம் தன்னையே முடித்துக்கொண்டது. எல்லோராலும் இதைச் செய்ய முடியாது, ஆனால் யோசிக்க வேண்டிய வழி.

நடைமுறையில் ஒரே வேலையைப் பல கைகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டியிருக்கும். நர்ஸ் சம்பளத்தை ஊர்க்கூட்டம் கொடுக்க முடியாது. அது அரசின் வேலை, அரசு பட்ஜெட்டில் அதற்கென்று ஒதுக்கீடு இருந்தாக வேண்டும். ஆனால் மருத்துவ முகாம் எந்த மாதம், யார் வீடு வீடாகப் போவது என்பதை ஊர் உங்களைவிட நன்றாகவே முடிவு செய்யும். இந்தப் பிரிவினையைச் சரியாகச் செய்ததற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம், ஆப்பிரிக்காவில் ஆற்றுக்குருட்டு நோயை எதிர்த்து நடந்த வேலை.

ஆற்றோரத்தில் முட்டையிடும் கருப்பு ஈ கடித்துப் பரவும் நோய் அது. 1974-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் தொடங்கிய முதல் திட்டம் ஹெலிகாப்டரில் பறந்து ஆறுகளில் மருந்து தெளித்தது. எல்லாமே நிபுணர்கள் கையில். பெரிய அளவில் பலன் கொடுத்து 2002-இல் மூடப்பட்டது. இதற்கிடையே 1987-இல் மெர்க் மருந்து நிறுவனம் இந்த நோய்க்கான ஐவர்மெக்டின் மாத்திரையைத் தேவைப்படும்வரை இலவசமாகக் கொடுப்பதாக அறிவித்தது. 1995-இல் வந்த அடுத்த திட்டம், ஆப்பிரிக்காவின் மற்ற நாடுகளுக்கு அந்த மாத்திரையைக் கொண்டுபோக வேண்டும். அவ்வளவு நர்ஸுகள் எங்கும் கிடையாது. அதனால் ஊரிடமே கேட்டார்கள்.

ஊர்க்கூட்டம் கூடி மாத்திரை கொடுக்கும் ஆளைத் தேர்ந்தெடுக்கும். விதைப்புக்கு முன்னாலா, அறுவடைக்குப் பிறகா, வீடு வீடாகவா, ஓரிடத்தில் கூட்டியா என்பதும் ஊரின் முடிவு. தேர்ந்தெடுக்கப்பட்டவருக்குக் கொஞ்சம் பயிற்சி, பெயர் எழுத ஒரு நோட்டு, ஒரு கம்பு. எடை மெஷினுக்குப் பதிலாகத்தான் அந்தக் கம்பு. அதில் கோடுகள் போட்டிருக்கும். ஆளைப் பக்கத்தில் நிறுத்தி உயரம் எந்தக் கோடு வரை வருகிறது என்று பார்த்து ஒன்றிலிருந்து நான்கு மாத்திரை வரை கொடுப்பார்கள். 90 சென்டிமீட்டருக்குக் குறைவான குழந்தைக்குக் கிடையாது. எழுதப் படிக்கக் கொஞ்சம் தெரிந்தால் போதும், வேலை நடக்கும். மாத்திரை நாட்டுக்குள் வருவது, மேற்பார்வை, பக்கவிளைவு வந்தால் சிகிச்சை எல்லாம் அரசு சுகாதாரத் துறையிடம் இருந்தன. 2015 இறுதியில் அந்தத் திட்டமும் மூடப்பட்டது. மாத்திரை கொடுப்பது நிற்கவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, ஊரிடம் கொடுப்பதற்கு முன்னால் வேலையையே ஊர் செய்யக்கூடிய அளவுக்கு எளிமையாக்கினார்கள். எடை மெஷினைக் கொடுத்து, அது பழுதானால் என்ன செய்வது என்று பயிற்சி கொடுப்பதைவிடக் கம்பைக் கொடுப்பது மேல். உங்கள் நிறுவனத்தின் ஒவ்வொரு வேலையையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். முப்பது நெடுவரிசை இருக்கும் எக்ஸெல் படிவத்தை அப்படியே ஒப்படைத்தால் அது ஒப்படைப்பு ஆகாது. ஒரு குறையையும் சொல்ல வேண்டும்: மாத்திரை கொடுப்பவருக்கு ஊர் என்ன கைம்மாறு செய்யும் என்பது தீராத தொல்லையாகவே இருந்தது. வருடத்துக்குச் சில நாள் என்றால் சும்மா செய்வார்கள். அதே ஆளிடம் இன்னும் நான்கு திட்டங்களின் வேலையைக் கட்டிவிட்டால் விட்டுவிட்டுப் போய்விடுவார். தன்னார்வம் என்று எழுதியிருக்கும் இடமெல்லாம், உண்மையில் எத்தனை மணிநேரம் என்று போட்டுப் பாருங்கள்.

குடிநீருக்கு வந்தால் படம் அவ்வளவு அழகாக இல்லை. 'பம்பை ஊர்க் குழுவிடம் ஒப்படைத்துவிட்டோம்' என்பது இந்தத் துறையில் பல பத்தாண்டுகளாகக் கேட்கும் வாசகம். சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் எந்த நேரத்தில் எண்ணினாலும் கைபம்புகளில் மூன்றில் ஒன்றோ நான்கில் ஒன்றோ வேலை செய்யாமல் நிற்கிறது என்றுதான் கணக்கெடுப்புகள் காட்டின. பம்பின் வடிவமைப்பிலும் இதற்குப் பங்கு உண்டு. 1970களில் யுனிசெஃப் துணையோடு இந்தியாவில் உருவான 'இந்தியா மார்க் 2' நல்ல உறுதியான பம்பு. ஆனால் கீழே பிஸ்டனில் வாஷர் தேய்ந்தால் மொத்தக் குழாயையும் மேலே தூக்க வேண்டும். அதற்குச் சிறப்புக் கருவிகளும் பழகிய ஆட்களும் வேண்டும். குழாயைத் தூக்காமலே பிஸ்டனை வெளியே எடுக்கும்படி 'மார்க் 3' வந்தது, கிராமத்து ஆட்களே பழுதுபார்க்கட்டும் என்றுதான்.

அதுவும் பாதித் தீர்வுதான். வாஷர் ஒன்றும் பெரிய விலை இல்லை. அதை விற்கும் கடை எங்கே? இத்தனை வருடமும் அது உங்கள் ஸ்டோர் ரூமிலிருந்து, உங்கள் வண்டியில், வேறு வேலையாக அந்தப் பக்கம் போன உங்கள் ஆள் கையில் போய்க்கொண்டிருந்தது. எந்த பட்ஜெட்டிலும் அதற்கு ஒதுக்கீடு இல்லை, எந்த ரிப்போர்ட்டிலும் பெயர் இல்லை. நீங்கள் மூடும் நாளில் அதுவும் நிற்கும், ஏன் நின்றது என்றுகூட யாருக்கும் தெரியாது.

எனவே முதல் மாதத்தில் நான் செய்யச் சொல்வது, இந்தக் கண்ணுக்குத் தெரியாத வேலைகளைக் கண்டுபிடிப்பது. ப்ராஜெக்ட் பட்டியலில் அவை கிடைக்காது. களப்பணியாளர்களோடு உட்கார்ந்து அவர்களின் போனைத் திறக்கச் சொல்லுங்கள். போன மாதம் ஊரிலிருந்து யார் யார் கூப்பிட்டார்கள், எதற்காக? 'சங்கிலி அறுந்துபோச்சு.' 'தாலுகா ஆபீஸில் மனுவை வாங்க மாட்டேன் என்கிறார்கள், நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.' 'குழுவில் இரண்டு பேருக்குச் சண்டை, வந்து பேசிவிட்டுப் போங்கள்.' இந்த அழைப்புகள்தான் உங்கள் உண்மையான வேலைப் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் எதிரே, நாளை இந்த போன் யாருக்குப் போகும் என்று ஒரு பெயர் எழுத முடிகிறதா பாருங்கள். சிலவற்றுக்குப் பெயர் கிடைக்கும். சிலவற்றுக்கு ஓர் உதிரிபாகக் கடைக்காரரோடு ஒப்பந்தம் போட வேண்டியிருக்கும். அரசு அலுவலகத்தில் உங்கள் லெட்டர்பேடுக்குக் கிடைத்த மரியாதை மட்டும் யாருக்கும் கைமாறாது. அதனால் மூடும் காலத்தில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஊர்ப் பிரதிநிதியே முன்னால் உட்காரட்டும், உங்கள் ஆள் பின்னால் இருக்கட்டும்.

அடுத்தது, பலரும் மறந்துவிடும் ஒன்று: வேண்டாம் என்று சொல்லும் உரிமை. ஒப்படைப்புக் கூட்டங்களில் 'இதை எப்படித் தொடர்வீர்கள்?' என்றுதான் கேட்கிறார்கள். 'இது வேண்டுமா?' என்று கேட்பதே இல்லை. பிளேபம்ப் கதை இதற்கு நல்ல பாடம். குழந்தைகள் ராட்டினம் சுற்றினால் தண்ணீர் மேலேறும் பம்பு அது. ஆப்பிரிக்க ஊர்களுக்கென்று 2006-இல் அமெரிக்காவில் பெரும் ஆரவாரத்தோடு, கோடிக்கணக்கான டாலர் உதவியோடு அறிவித்தார்கள். 2010-க்குள் 4,000 பம்புகள் என்பது இலக்கு. விளையாட்டு அலுத்துப்போய்க் குழந்தைகள் போய்விட, பெரிய பெண்கள் அந்த ராட்டினத்தைக் கையால் தள்ளிச் சுற்ற வேண்டியதாயிற்று. பழுதானால் ஊரில் சரிசெய்யவும் முடியவில்லை. கடைசியில் 2010 வாக்கில் அதை நடத்திய நிறுவனம் மிச்சமிருந்த பம்புகளை 'வாட்டர் ஃபார் பீப்பிள்' என்ற அமைப்பிடம் கொடுத்து ஒதுங்கியது. வாங்கியவர்கள் செய்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி: இதுவும் ஒரு வகைப் பம்பு, மற்ற வகைகளும் இருக்கின்றன, எது வேண்டும் என்று ஊர்களைக் கேட்பது.

உங்கள் திட்டங்களின் முழுப் பட்டியலையும், ஒவ்வொன்றுக்கும் வருடத்துக்கு ஆகும் செலவோடு ஊரில் வையுங்கள். தொடர்வது, மாற்றுவது, விடுவது என்று அவர்களே பிரிக்கட்டும். உங்கள் ஆண்டறிக்கையின் அட்டையில் வந்த திட்டத்தை அவர்கள் முதலில் விட்டால் மனம் கஷ்டப்படும். படட்டும். அதைக் காப்பாற்ற வாதாடினீர்கள் என்றால் முடிவெடுக்கும் உரிமையை இன்னும் கொடுக்கவில்லை என்று அர்த்தம். நான் தலையிடச் சொல்வது ஒரே இடத்தில்தான்: கூட்டத்தில் யார் இல்லை என்பதைப் பார்ப்பதில். ஊர் என்றாலே நிலம் உள்ளவர்களும் ஆண்களும் முன்வரிசையில் வந்து உட்காருவார்கள். பெண்கள் குழுவின் சேமிப்பையும் கட்டடத்தையும் 'ஊர்ப் பொதுக் குழு'விடம் ஒப்படைத்துவிட்டு வந்தால், அடுத்த வருடம் அந்தக் கட்டடத்தில் பெண்கள் இருக்க மாட்டார்கள். பெண்கள் குழுவுக்குச் சேர வேண்டியது அவர்கள் பெயரிலேயே, தனிப் பத்திரமாகப் பதிவாக வேண்டும்.

கால அட்டவணைக்கு அவஹான் திட்டத்தைப் பாருங்கள். கேட்ஸ் அறக்கட்டளை 2003-இல் இந்தியாவில் ஆறு மாநிலங்களில் தொடங்கிய எச்ஐவி தடுப்புத் திட்டம் அது. தமிழ்நாடும் அதில் ஒன்று. அரசிடம் ஒப்படைப்பதை மூன்று கட்டமாகச் செய்தார்கள்: 2009-இல் ஏறத்தாழ பத்து சதவீதம், 2011-இல் இருபது, மீதி 2012-இல். முதல் கட்டத்தில் வந்த தொல்லைகளைப் பார்த்து அடுத்த கட்டங்களைத் திருத்திக்கொள்ள முடிந்தது. அவர்கள் செய்த இன்னொரு புத்திசாலித்தனம், கைமாறும் முன்பே செலவையும் சம்பளத்தையும் அரசு விதிக்கும் அளவுக்கு இறக்கிப் பழக்கியது. அதிர்ச்சி உங்கள் காலத்திலேயே வரட்டும், பக்கத்தில் நின்று தாங்க முடியும். அப்படியும் கைமாறிய பிறகு அரசுப் பணம் தாமதமாக வருவது பல இடங்களில் சிக்கலானது. யாரிடம் ஒப்படைத்தாலும் முதல் பணம் தாமதமாகும் என்று வைத்துக்கொண்டு, சில மாதச் செலவைத் தாங்கும் தொகையைத் தனியே ஒதுக்கி வையுங்கள்.

பணத்தைப் பற்றி இன்னும் பேச வேண்டும். 2016-இல் இஸ்தான்புல் மாநாட்டில், 2020-க்குள் மனிதநேய உதவியில் 25 சதவீதம் உள்ளூர் அமைப்புகளுக்குக் கூடியவரை நேரடியாகப் போகும் என்று பெரிய டோனர்களும் நிறுவனங்களும் கையெழுத்துப் போட்டார்கள். இடைத்தரகர் இல்லாமல் போன பணம் அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. எனவே, நாம் போனால் டோனர் தானாக உள்ளூர் அமைப்புக்கு நேரே கொடுப்பார் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். அவர் அடுத்த பன்னாட்டு நிறுவனத்தைத் தேடிப் போவார். இதற்கு நான் பார்த்ததில் நன்றாக வேலை செய்த வழி, இரண்டாம் ஆண்டில் இடத்தை மாற்றிக்கொள்வது: ஒப்பந்தம் உள்ளூர் அமைப்பின் பெயரில், நீங்கள் அவர்களுக்குக் கீழே துணை ஒப்பந்தக்காரர். கணக்கு எழுதுவது, ஆடிட், டோனரோடு பேச்சு எல்லாம் அவர்கள் செய்வார்கள், நீங்கள் பில்லை அவர்களிடம் கொடுத்துப் பணத்துக்குக் காத்திருப்பீர்கள். போர்டு முதலில் முகம் சுளிக்கும். மூன்றாம் ஆண்டில் நீங்கள் விலகும்போது டோனருக்குப் புதிதாக யாரையும் அறிமுகப்படுத்த வேண்டியிருக்காது.

உங்கள் சொந்தக் கையிருப்பு இருந்தால், அதை மூடும் தேதிக்குள் செலவழித்துவிட வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். அமெரிக்கத் தொழிலதிபர் சக் ஃபீனியின் அட்லாண்டிக் ஃபிலாந்த்ராபீஸ் மொத்தம் 800 கோடி டாலர் கொடுத்து முடித்த அறக்கட்டளை. மூடப்போவது பல ஆண்டுகள் முன்பே எல்லோருக்கும் தெரியும். கடைசி நன்கொடை 2016-இல், கதவு அடைத்தது 2020-இல். அந்த இடைவெளியில் கொடுத்த பணம் எப்படிப் போகிறது என்று பார்க்க ஆள் இருந்தார்கள். கடைசிப் பணத்தை ப்ராஜெக்ட்டுக்கு என்று கட்டிப்போடாமல், அமைப்பின் பொதுச் செலவுக்கு என்று கொடுங்கள். வாடகை, கணக்கர் சம்பளம், ஆடிட்டர் கட்டணம் இவற்றுக்கு வேறு யாரும் தர மாட்டார்கள்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், அதற்கு ஒரு வக்கீலை முதல் ஆண்டிலேயே பிடியுங்கள். பொதுவாகத் தடுக்கிவிழும் இடங்களை மட்டும் சொல்கிறேன். குறிப்பிட்ட வேலைக்கென்று வந்த நன்கொடையை டோனரின் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. சுங்க வரி விலக்கோடு இறக்குமதி செய்த வண்டியை உள்ளூர் அமைப்புக்குக் கொடுத்தால் பல நாடுகளில் அந்த வரியைக் கட்ட வேண்டும், அல்லது அரசின் அனுமதி வேண்டும். வாங்குகிறவர் தலையில் அந்தக் கடன் விழக்கூடாது. யார் நிலத்தில் கட்டடம் நிற்கிறது என்பதைப் பத்திரத்தில் பாருங்கள், யாரோ வாய்மொழியாகக் கொடுத்த இடமாக இருக்கும். இந்தியாவில் வேலை இருந்தால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தம் முக்கியம்: அங்கே வெளிநாட்டுப் பணத்தைப் பெற்ற ஓர் அமைப்பு அதை இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. ஒரு பெரிய உள்ளூர் அமைப்பிடம் கொடுத்துச் சின்ன அமைப்புகளுக்குப் பிரிக்கச் சொல்லலாம் என்ற திட்டம் அங்கே நடக்காது. திட்டமிட நேரமே கிடைக்காமலும் போகலாம்: 2017 மார்ச்சில் கம்பேஷன் இன்டர்நேஷனல் என்ற குழந்தைகள் உதவி அமைப்பு, வெளிநாட்டுப் பணத்துக்கு அரசு போட்ட தடையால் இந்தியாவை விட்டு வெளியேறியபோது, அதன் உதவியில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் இருந்தார்கள்.

உங்கள் ஊழியர்களைப் பற்றி. மூடும் தேதி தெரிந்த அன்றே நல்ல ஆட்கள் வேறு வேலை தேடத் தொடங்குவார்கள், அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. கடைசி வரை இருப்பவர்களுக்கு ஒரு தொகையை முன்கூட்டியே எழுத்தில் உறுதி கொடுங்கள். சட்டப்படி சேர வேண்டிய பணிக்கொடை, விடுப்புச் சம்பளம் எல்லாவற்றையும் முதல் ஆண்டிலேயே தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். கடைசியில் பணம் குறைந்தால் முதலில் கை வைப்பது அங்கேதான். உங்களிடமிருந்து உள்ளூர் அமைப்புக்குப் போகும் ஆள் சம்பளக் குறைப்போடு போகிறார் என்றால் அதையும் முன்பே பேசிவிடுங்கள்.

தகவல்களில் எல்லாவற்றையும் கொடுத்துவிடக் கூடாது. கிணற்று ஆழம், தண்ணீர்ப் பரிசோதனை முடிவு, பம்பு வரைபடம் எல்லாம் ஊருக்குச் சேர வேண்டியவை. அவர்கள் மொழியில், காகிதத்திலும். எச்ஐவி நோயாளிகள், வன்முறைக்கு ஆளான பெண்கள், குழந்தைகளின் போட்டோக்கள் இருக்கும் பட்டியல் வேறு விஷயம். சம்பந்தப்பட்டவரின் சம்மதம் இருந்தால் ஒழிய அழிப்பதே சரி. ஹார்டு டிஸ்க்கைப் புதுக் கம்ப்யூட்டரோடு சேர்த்துத் தூக்கிக் கொடுத்துவிடுவது ரொம்ப சாதாரணமாக நடக்கிறது. இன்னொன்று: உங்கள் ஊழியர் ஒருவர் நடந்துகொண்ட விதம் பற்றி மூடிய பிறகு ஒரு புகார் வந்தால் அது யாரிடம் போகும்? டோனர் ஒப்பந்தங்களில் கணக்கு ஆவணங்களைப் பல ஆண்டு வைத்திருக்கச் சொல்லியிருக்கும், அதற்கு ஓர் அமைப்போடு பணம் கட்டி ஏற்பாடு செய்வீர்கள். அதே அமைப்பு புகார்களையும் வாங்கி விசாரிக்கும்படி செய்து, அந்த முகவரியை ஒவ்வொரு ஊரிலும் சொல்லிவிட்டு வாருங்கள். மூடிய இரண்டு மூன்று வருடம் கழித்து யாராவது போய்ப் பார்த்து எழுதுவதற்கான பணத்தையும் அங்கேயே வைத்துவிடலாம். இந்தத் துறையில் அப்படிப் போய்ப் பார்ப்பவர்கள் அபூர்வம்.

மூன்று ஆண்டு போதுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பெண்கள் குழுக்கள் ஏற்கெனவே தங்கள் கணக்கைத் தாங்களே பார்க்கின்றன என்றால் அவர்களுக்கு மூன்று ஆண்டு தாராளம், சில இடங்களில் ஓர் ஆண்டே போதும், நீங்கள் இருப்பதுதான் தடையாக இருக்கும். குடிநீருக்கு உதிரிபாகக் கடையும் பழுதுபார்க்கும் ஆளும் தன் காலில் நிற்க வேண்டும். மூன்று ஆண்டில் முடியும், இன்றே தொடங்கினால். சுகாதாரம்தான் இழுக்கும். அரசு பட்ஜெட்டில் புதிதாக ஓர் ஒதுக்கீடு ஏறவும், பதவிகள் உருவாகி ஆட்கள் நியமனமாகவும் எவ்வளவு காலம் ஆகும் என்பது உங்கள் கையில் இல்லை. மூன்று வேலைகளுக்கும் ஒரே மூடும் தேதி என்பதை போர்டு மறுபடி எடுத்துப் பேச வேண்டும். சுகாதாரத்துக்கு மட்டும் இன்னும் இரண்டு ஆண்டு கேளுங்கள், அதற்கான பணத்தை இப்போதே ஒதுக்கச் சொல்லுங்கள்.